அடுக்களை எங்கே?

மும்பைத் தமிழர் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் உழைப்பையும் மொழியையும் அரசியலையும் பேசுகின்றன. எந்த ஆலையில் வேலை, எந்தச் சங்கத்தில் உறுப்பு, எந்தத் தேர்தலில் யார் பக்கம் என்பவை ஓரளவு பதிவாகியுள்ளன. அவர்கள் தங்கள் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே அழைத்துச் சென்றார்கள் என்பது அவ்வளவாகப் பதிவாகவில்லை. ஓய்வுநாள் சிறிய விஷயமாகத் தோன்றுவது இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆயினும், ஒரு குடும்பம் தன் குழந்தைக்கு எந்த வீட்டைக் காட்டுகிறது, எந்த வீட்டை நிற்காமல் கடந்து செல்கிறது என்பதிலும் வரலாறு உண்டு. தாணேயில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் ஓராண்டு ஞாயிறுகளைப் பற்றியது இப்பதிவு.

தந்தை தாராவியில், தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்தொன்றில் பிறந்தவர். அவருடைய தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். பாந்திராவிலிருந்த இறைச்சிக்கூடம் 1971-இல் தேவனாருக்கு மாற்றப்பட்டது. பின்னாளில் தாராவியின் பதனிடும் கூடங்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அந்தத் தலைமுறை வேறு வேலைகளுக்குச் சிதறியபோது மகன் படித்துக் கணக்கராகி, திருமணத்துக்குப் பின் தாணேக்குக் குடிபெயர்ந்தார். தாய் செம்பூரில் வளர்ந்தவர். கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறார். மகளுக்கு ஐந்து வயது. தந்தையின் தாயார், அதாவது சிறுமியின் ஆச்சி, இன்றும் தாராவியில் அதே அறையில் இருக்கிறார்.

மாதம் இருமுறையேனும் பழைய வீடு ஒன்றுக்கோ பூங்கா ஒன்றுக்கோ மகளை அழைத்துச் செல்ல வேண்டும் என்பது தந்தையின் திட்டம். அவருடைய சிறுவயதில் அப்படிப்பட்ட வெளிப்பயணம் ஒன்றே ஒன்றுதான் வாய்த்தது. ஒரு தீபாவளி விடுமுறையில் மூன்று பிள்ளைகளையும் ஒரு தூக்குவாளிப் புளிச்சோற்றையும் சுமந்துகொண்டு ஆச்சி ராணி பாகுக்குப் போய் வந்தார். அந்த ஒரு நாளை முப்பது ஆண்டுகளாக நினைவில் வைத்திருந்தவர், தம் மகளுக்கு அப்படிப்பட்ட நாள்கள் நிறைய இருக்கட்டும் என்று எண்ணினார். பட்டியல் போட்டார். காலை எட்டுமணி வண்டி, தயிர்ச்சோறு, தண்ணீர்க் குப்பி இரண்டு, மாற்றுடை ஒன்று, பிற்பகல் உறக்கத்துக்கு முன் வீடு திரும்புதல் என விதிகளும் வகுத்தார்.

பட்டியலில் இருந்த இடங்களுள் பெரும்பாலானவை ஒரே இருப்புப்பாதையை ஒட்டியவை. 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணேக்கு 34 கிலோமீட்டர் ஓடிய முதல் பயணிகள் இரயில் இந்தத் தடத்தில்தான் சென்றது. சாஹிப், சிந்த், சுல்தான் என்னும் மூன்று எஞ்சின்கள் அதை இழுத்தன. சிறுமிக்கு அந்த மூன்று பெயர்களும் மனப்பாடம். ஒவ்வொரு வண்டிக்கும் அவற்றுள் ஒன்றைச் சூட்டிவிடுவாள். தாணேயில் ஏறினால் சயான், மாட்டுங்கா, தாதர், பரேல், பைகுலா என வரிசையாக வரும். சயானில் இறங்கினால் ஆச்சி வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் வெளிப்பயண நாள்களில் குடும்பம் சயானில் இறங்கியதில்லை. ஆச்சியைப் பார்ப்பது தனி வேலை; அதற்கு வேறு நாள், வேறு பை, வேறு மனநிலை. இந்தப் பிரிவினையை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை; அது அப்படியே அமைந்துவிட்டது.

முதலில் போனது பைகுலாவின் ராணி பாக். 1862-இல் விக்டோரியா பூங்கா என்ற பெயரில் திறக்கப்பட்டு, இன்று வீரமாதா ஜீஜாபாய் போசலே உத்யான் எனப்படுவது. பலருக்கும் அது மிருகக்காட்சிசாலையாகத்தான் தெரியும். ஆனால் விலங்குகள் பின்னால் வந்தவை, 1890-இல் சேர்க்கப்பட்டவை. அடிப்படையில் அது தாவரவியல் பூங்கா. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் அங்கே நிற்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஆனைப்புளிய மரத்தின் பருத்த அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க மூவரும் கைகோத்துப் பார்த்தும் போதவில்லை. குழந்தைக்குப் பூங்காவின் வரலாறு அப்படித்தான் தொடங்குகிறது. ஆண்டு அதற்குப் பொருட்டல்ல. கை எட்டுகிறதா இல்லையா என்பதே கணக்கு.

பூங்காவை ஒட்டிய அருங்காட்சியகத்தின் அருகே கருங்கல் யானை ஒன்று நிற்கிறது. மும்பைத் துறைமுகத்துக்கு அப்பாலுள்ள காராபுரித் தீவில் கிடந்த யானை அது. போர்த்துக்கீசியர் அத்தீவுக்கு எலிஃபெண்டா என்று பெயரிட்டது இதைப் பார்த்துத்தான். பிரிட்டிஷார் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக முயன்றபோது, தூக்கும் பொறி முறிந்து சிலை துண்டுதுண்டானது. உடைந்த துண்டுகள் 1864-இல் பைகுலாவுக்கு வந்தன. 1914-இல் அவற்றை இணைத்து மீண்டும் நிறுத்தினார்கள். “உடைஞ்சதை ஏன் தூக்கிப் போடல?” என்று சிறுமி கேட்டாள். அவள் வீட்டில் உடைந்த பொம்மைகளுக்கு நேரும் கதி அது. உடைந்ததையும் ஒட்டி வைக்கும் இடத்துக்குத்தான் அருங்காட்சியகம் என்று பெயர் எனத் தாய் சொன்ன விளக்கம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அருங்காட்சியகக் கட்டடம் 1872-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. விக்டோரியா, ஆல்பர்ட் பெயரில் இருந்தது 1975-இல் டாக்டர் பாவ் தாஜி லாட் பெயரைப் பெற்றது. மும்பையின் பல சமூகத்தாரையும் தொழில் செய்வோரையும் சிறு களிமண் உருவங்களாக்கிக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். வளர்ந்தோர் மேற்கூரையின் பொன்வேலைப்பாட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, சிறுமி கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றாள். எல்லாரும் ஏதோ ஒரு வேலை செய்துகொண்டிருந்தார்கள்; தலைப்பாகைகள் வேறுவேறாக இருந்தன. அவளுடைய முதல் வினா அங்கே பிறந்தது: “இவங்க வீடு எங்கே? அடுக்களை எங்கே?” அடுக்களை என்பது ஆச்சியின் சொல். தாணே வீட்டில் அது ‘கிச்சன்’. ஆச்சியிடம் பேசும்போது மட்டும் அடுக்களை. அருங்காட்சியகத்தில் அவள் ஏன் ஆச்சியின் சொல்லை எடுத்தாள் என்பதைப் பெற்றோர் அன்று கவனிக்கவில்லை.

அடுத்த பயணத்துக்கு மட்டும் தாதரில் தடம் மாறி மேற்குப் பாதையில் கிராண்ட் ரோடு வரை போக வேண்டியிருந்தது. காம்தேவியின் லேபர்னம் சாலையிலுள்ள மணி பவன், ரேவாசங்கர் ஜகஜீவன் ஜவேரியின் வீடு. 1917 முதல் 1934 வரை மும்பை வரும்போதெல்லாம் காந்தி தங்கிய இடம். 1919-இல் ரௌலட் சட்டத்துக்கு எதிரான சத்தியாகிரகம் இங்கிருந்து திட்டமிடப்பட்டது. 1932 ஜனவரி 4 அன்று விடியுமுன் இவ்வீட்டு மொட்டைமாடியில் அவர் கைதானார். அவர் வாழ்வின் நிகழ்ச்சிகளைச் சிறு பொம்மைகளாகச் செய்து பெட்டிகளுக்குள் அமைத்திருக்கிறார்கள். குழந்தையோடு போவோருக்கு அந்தப் பெட்டிகளே அடைக்கலம். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கதை சொல்லலாம், அரைமணி நேரம் அமைதியாகக் கழியும்.

இரண்டாம் தளத்தில் காந்தியின் அறை. மெத்தை, திண்டு, இராட்டைகள். சிறுமி பார்த்துவிட்டு மீண்டும் அதே வினாவைக் கேட்டாள். தாய் வரலாற்றாசிரியர், விடை சொல்ல முயன்றார். காந்தி இங்கே விருந்தினர், சமைத்தது வீட்டார் என்றார். பிறகு நினைவுக்கு வந்ததைச் சேர்த்துக்கொண்டார். 1919-இல் நோயுற்று மும்பையில் சிகிச்சை பெற்றபோது, பால் அருந்துவதில்லை என்ற விரதத்தால் காந்தி உடல் தேறாமல் இருந்தார். விரதம் எடுக்கும்போது பசுவையும் எருமையையும்தானே நினைத்தீர்கள், ஆட்டுப்பால் அதில் சேராதே என்று வாதிட்டவர் கஸ்தூர்பா. காந்தியின் அடையாளமாகவே பின்னாளில் ஆகிவிட்ட ஆட்டுப்பால், அடுக்களைப் பக்கமிருந்து வந்த ஒரு வாதத்தின் பயன். மாணவர்களுக்குப் பத்தாண்டுகளாக ரௌலட் சட்டம் நடத்திவந்த அந்தத் தாய்க்கு இரண்டையும் ஒரே ஆண்டின் நிகழ்ச்சிகளாகச் சேர்த்து எண்ண வாய்த்தது அன்றுதான்.

தந்தைக்கு அந்த வீட்டைப் பற்றி வேறொன்று தெரியும். 1931 ஆகஸ்டு 14 அன்று அம்பேத்கர் காந்தியை முதன்முறையாகச் சந்தித்தது மணி பவனில்தான். தமக்குத் தாயகம் இல்லை என்று அம்பேத்கர் காந்தியிடம் சொன்ன சந்திப்பு அது. அன்று அம்பேத்கர் குடியிருந்தது பரேலில், நகர மேம்பாட்டு அறக்கட்டளை கட்டிய ‘சால்’ ஒன்றின் இரண்டு அறைகளில். ஓர் அறையில் குடும்பம், மற்றொன்றில் நூல்கள். அங்கே அவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார். திரும்பும் வழியில் தந்தை இதை மனைவியிடம் சொன்னபோது மகள் தோளில் உறங்கிக்கொண்டிருந்தாள். பட்டியலில் இல்லாத ஓர் இடம் அன்று சேர்ந்தது.

மேம்பாட்டு அறக்கட்டளையைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். 1896-இல் மும்பையைப் பிளேக் நோய் தாக்கியது. நெரிசலே நோய்க்கு ஊற்று எனக் கருதிய அரசு 1898-இல் அந்த அறக்கட்டளையை நிறுவியது. நெரிசலான பகுதிகளை இடித்தல், அகன்ற சாலைகள் இடுதல், தொழிலாளருக்கு ஓரறைக் குடியிருப்புகள் கட்டுதல், வடக்கே புதிய குடியிருப்புகளை அமைத்தல் என அதன் பணிகள் விரிந்தன. தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளின் ஒழுங்கான தெருக்கள் அதன் திட்டங்கள். பின்னாளில் தமிழரும் பிற தென்னிந்தியரும் குடியேறி, கோயிலும் சிற்றுண்டியகமும் பூக்கடையுமாக ஆக்கிக்கொண்ட மாட்டுங்கா அந்த வரைபடத்தில் பிறந்தது. அதே அறக்கட்டளையின் ஒரு கை பரேலில் ஒரே அறைக்குள் ஒரு குடும்பத்தை வைத்தது. மறு கை மாட்டுங்காவில் ஐந்து பூங்காக்களுக்கு இடம் விட்டது. பிளேக்குக்குப் பின் யாருக்கு எவ்வளவு காற்று என்று நகரம் பங்கிட்ட கணக்கு இது.

பார்சி காலனியை ஒட்டிய அந்த ஐந்து பூங்காக்கள் இந்தக் குடும்பத்துக்குப் பிடித்தமானவை. நுழைவுக் கட்டணம் இல்லை. தொடாதே என்ற பலகை இல்லை. ஓடினால் யாரும் அதட்டுவதில்லை. காலனி உருவாகக் காரணமான பொறியாளர் மஞ்சேர்ஜி ஜோஷியின் பெயரை அவை தாங்கியுள்ளன. மரநிழலில் தயிர்ச்சோற்றை உண்டு, அங்கிருந்து நடந்தே இந்து காலனிக்குப் போய்விடலாம். அங்கேதான் ராஜகிருகம் இருக்கிறது.

1930-களின் தொடக்கத்தில் அம்பேத்கர் கட்டிய வீடு அது. பண்டைய மகதத்தின் இராசகிருகத்தை நினைத்து வைத்த பெயர். நூல்களை மனத்தில் கொண்டு திட்டமிட்ட வீடு என்பதால் பெரிய அறைகளைப் புத்தகங்கள் எடுத்துக்கொண்டன. தரைத்தளம் அருங்காட்சியகம், மேல்தளங்கள் குடும்பத்தாருடையவை. கட்டில், மேசை, எழுதுகோல்கள், நிழற்படங்கள். வருவோரில் பலர் வாசலில் செருப்பைக் கழற்றும் விதமே வேறு. தாராவித் தமிழரில் ஒரு தலைமுறைக்கு டிசம்பர் 6 தாதருக்கு நடந்து போகும் நாள். தந்தையும் சிறுவயதில் தம் தந்தையாரின் தோளிலிருந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்தவர். ஆனால் கூட்டமில்லாத ஒரு ஞாயிற்றில், ஒரு வீட்டைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தது அதுவே முதல் முறை.

சிறுமி வழக்கமான வினாவைக் கேட்டாள். அடுக்களை மேலே இருக்கும், அங்கே இப்போதும் ஆள்கள் இருக்கிறார்கள் என்று தந்தை சொன்னார். ‘பழைய வீடு’ என்றால் யாரும் இல்லாத வீடு என்று அதுவரை எண்ணியிருந்த அவளுக்கு இது புதுச் செய்தி. ரமாபாய் 1935 மே மாதம் இவ்வீட்டில் மறைந்தார் என்பதைத் தாய் பிறகு கணவரிடம் சொன்னார். சாலின் ஓரறைச் சமையலில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவருக்குப் புதிய வீட்டின் அடுக்களை வாய்த்தது சிறிது காலமே. 2020 ஜூலையில் சிலர் புகுந்து இவ்வீட்டு வாசலின் பூந்தொட்டிகளை உடைத்துச் சென்றதும் பேச்சில் வந்தது. ஒரு வீட்டின் மீது வெறுப்பைக் காட்ட வந்தவர்கள் பூந்தொட்டிகளை உடைக்கிறார்கள். அதைச் சொல்லி முடித்ததும் தந்தை, “அம்மா வீட்டு வாசல்லயும் டப்பாவுல கறிவேப்பிலைச் செடி இருக்கு” என்றார். வெளிப்பயண நாளொன்றில் ஆச்சியின் வீட்டை அவர் குறிப்பிட்டது அதுவே முதல் முறை.

தாணேயிலேயே பார்க்க வேண்டியவையும் உண்டு. மாசுந்தா ஏரியில் படகு விடுகிறார்கள். ஊரார் தலாவ் பாளி என்பார்கள். சற்றுத் தொலைவில் கோட்டை. போர்த்துக்கீசியர் கட்டத் தொடங்கியதை 1737-இல் மராட்டியர் கைப்பற்றினர், 1774-இல் அது பிரிட்டிஷார் வசமானது, பின்னர் சிறையானது, இன்றும் மத்தியச் சிறையாகவே இருக்கிறது. ஊரின் மிகப் பழைய கட்டடங்களுள் ஒன்றை வெளிச்சுவரோடு பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். “உள்ளே இருக்கிறவங்களுக்கு அடுக்களை உண்டா?” என்றாள் சிறுமி. உண்டு என்றார் தந்தை. “அப்ப அதுவும் வீடுதானே?” என்றதற்கு இருவரிடமும் விடை இல்லை.

இதற்குள் பட்டியல் ஏறக்குறைய முடிந்திருந்தது. தாய்தான் சயானைச் சொன்னார். சயான் குன்றின்மேல் 1669-க்கும் 1677-க்கும் இடையில், ஜெரார்டு ஆஞ்சியர் ஆளுநராக இருந்தபோது கட்டப்பட்ட கோட்டை இருக்கிறது. கம்பெனியின் மும்பைக்கும் போர்த்துக்கீசியரின் சால்செட்டுக்கும் எல்லை காத்த இடம். அடிவாரத்தில் பூங்கா. அங்கிருந்து தாராவிக்குள் போனால் காலா கில்லா. பேருந்துப் பணிமனைக்குப் பெயராகிவிட்டதால், அது ஒரு கோட்டை என்பதே பலருக்கு மறந்துவிட்டது. 1737-இல் ஆளுநர் ஜான் ஹார்னின் ஆணைப்படி கட்டியதாகச் சுவரில் கல்வெட்டு உண்டு. தாணே மராட்டியர் கைக்குப் போன அதே ஆண்டு. இருபது ஆண்டுகள் அந்தப் பக்கம் நடந்து பள்ளிக்குப் போன தந்தை கல்வெட்டைப் படித்தது மகளைத் தூக்கிக் காட்டிய அன்றைக்குத்தான். மதிய உணவுக்கு வேறெங்கும் போவதற்கில்லை. ஆச்சி வீடு பத்து நிமிட நடை.

ஆச்சியின் வீடு பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. வாசலை ஒட்டி அடுப்பு, அதற்கு மேல் பாத்திரத் தட்டு, எதிர்ச்சுவரில் முருகன் படமும் அம்பேத்கர் படமும் தாத்தாவின் நிழற்படமும். தண்ணீர் வரும் சில மணி நேரத்தில் நிரப்பி வைக்கும் நீல டிரம். வெளிச்சுவரை ஒட்டி இரும்பு ஏணி. மேலே பின்னாளில் எழுப்பிய அறையில் சித்தப்பாவின் குடும்பம். சிறுமி உள்ளே வந்து அமர்ந்தாள். அந்த ஒரு வீட்டில் மட்டும் அவள் அடுக்களை எங்கே என்று கேட்கவில்லை. உள்ளே காலை வைத்ததும் முதலில் எதிர்ப்படுவது அதுதான். அவள் கேட்டது வேறு. வாசற்கதவில் எழுதியிருந்த எண்ணைக் காட்டி, “இதுதான் இந்த வீட்டுப் பலகையா?” என்றாள்.

அது கணக்கெடுப்பு எண். தாராவி மறுசீரமைப்புக்காக வீடுவீடாகக் கணக்கெடுப்பு 2024-இல் தொடங்கியது. விதிகளின் சுருக்கம் இது: 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு விலையின்றி, மேல்தளத்தில் இருப்போருக்குத் தாராவிக்கு வெளியே, வாடகையோடு தவணையாகக் கட்டி வாங்கும் முறையில் வீடு. ஆய்வுக் கட்டுரைகளில் இதைத் ‘தகுதி வரையறை’ என்று எழுதுவார்கள். ஆச்சி வீட்டில் அந்த வரையறை ஏணியின் நடுவே ஓடுகிறது. கீழே இருப்பவர் இங்கே. மேலே இருப்பவர்கள் எங்கோ. மேலே இருப்போர் கீழே வந்து சாப்பிட்டுப் போவார்கள் என்பதைக் குறிக்க எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

இங்கே ஏக்கத்தைத் தேடுவோர் ஏமாறுவர். ஆச்சிக்கு அந்த அறை மீது கண்ணீர் ஏதுமில்லை. ஐம்பது ஆண்டுகள் பொதுக் கழிப்பிடத்தின் வரிசையில் நின்றவர் அவர். “வீட்டுக்குள்ள கக்கூஸ் வந்தா சரி, நான் இன்னைக்கே போறேன்” என்றார். 120 சதுர அடியில் இருப்பவருக்கு 350 என்பது பெரிய எண். அவருடைய கவலைகள் இரண்டு. முதலாவது, மேலே இருக்கும் பேரப்பிள்ளைகள். இரண்டாவது, வாசற்படி. தாத்தாவின் வேலை போன பின் இருபத்தைந்து ஆண்டுகள் அதே படியில் அமர்ந்து இட்லி விற்றுத்தான் மூன்று பிள்ளைகளையும் அவர் படிக்க வைத்தார். இப்போதும் காலையில் நாற்பது இட்லியாவது போகும். “ஏழாவது மாடியில படி எங்க இருக்கும்? யாரு மேல வந்து இட்லி வாங்குவா?” என்ற வினாவுக்கு அங்கிருந்த கணக்கருக்கும் வரலாற்றாசிரியருக்கும் விடை தெரியவில்லை.

அன்று பிற்பகல் மூவரும் உடனே கிளம்பவில்லை. தாய் தம் பையிலிருந்த குறிப்பேட்டை மகளிடம் கொடுத்து, மற்ற வீடுகளில் செய்ததுபோல் இங்கேயும் எழுதுவோம் என்றார். சிறுமிக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும்; படம் வரைவாள், தாய் அருகே எழுதுவார். எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று ஆச்சி சொல்லிக்கொண்டே போனார். இட்லிக் கொப்பரை மாட்டுங்கா சந்தையில் தவணைக்கு வாங்கியது. அம்மிக்குழவி ஊரிலிருந்து இரயிலில் வந்தது. அம்மி வரவில்லை, இங்கே வாங்கியது. அதனால் இரண்டுக்கும் நிறம் வேறு. பரணின் மரச்சட்டம் மூடப்பட்ட பதனிடும் கூடத்தில் தாத்தா கேட்டு வாங்கி வந்தது. மழைக்காலத்தில் அதில் இன்னும் தோல் வாடை வரும். இதைத் தந்தையும் அதுவரை அறிந்திருக்கவில்லை. பிறந்து வளர்ந்த வீட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட முடியும்.

“இதெல்லாம் எழுதி என்ன ஆகப் போகுது?” என்று சித்தப்பா ஏணியில் நின்றபடி கேட்டார். நியாயமான கேள்வி. குறிப்பேடு யாருக்கும் வீடு வாங்கித் தராது. தகுதி வரையறையை ஓர் அங்குலம் நகர்த்தாது. ஆச்சிதான் பதில் சொன்னார்: “எழுதட்டும்ல. இடிச்ச பொறவு இங்க என்ன இருந்துச்சுன்னு கேட்டா புள்ளைக்குத் தெரியணும்லா.”

பாதுகாக்கப்பட்ட பழைய வீடுகளைப் பார்ப்பது வீண் என்று இதற்குப் பொருளில்லை. மணி பவனும் ராஜகிருகமும் பைகுலாவின் களிமண் உருவங்களும் இல்லாதிருந்தால், அந்தச் சிறுமிக்கு வீட்டை நோக்கிக் கேள்வி கேட்கும் பழக்கமே வந்திராது. ஆனால் பாதுகாக்கப்படும் வீடுகள் பெரும்பாலும் வரவேற்பறையையும் படிப்பறையையும் காத்து வைக்கின்றன. அடுக்களையும் தண்ணீரும் கழிப்பிடமும் காணாமல் போகின்றன. ஓரறை வீட்டில் இவை காணாமல் போக வழியில்லை. ஆகவே அந்த வீடே பாதுகாப்புப் பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. மும்பையின் உழைக்கும் மக்களில் பெருந்தொகையினர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அப்படிப்பட்ட ஓரறைகளில்தான் வாழ்ந்தார்கள். அந்த அறைகளின் உட்புறம் குறித்து ஆவணக் காப்பகங்களில் இருப்பது பெரும்பாலும் சுகாதார அதிகாரியின் பார்வை: இத்தனை பேர், இத்தனை கன அடிக் காற்று.

இதைப் படிக்கும் ஆய்வு மாணவர்களில் சிலருக்கு இப்படியொரு அறை சொந்தத்தில் இருக்கும். திட்ட முன்வரைவோ உதவித்தொகையோ அதற்குத் தேவையில்லை. ஒரு ஞாயிறு, ஒரு குறிப்பேடு, கூடவே குழந்தை ஒன்று இருந்தால் நல்லது. தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் சமைத்தார், பிள்ளைகள் எங்கே உறங்கினார்கள் என்னும் மூன்று கேள்விகள் போதும். இடிக்கும் நாள் குறிக்கப்படுமுன் கேட்டுவிட வேண்டும். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

தாணே வீட்டில் இருக்கும் அந்தக் குறிப்பேட்டில் ஆச்சியின் வீடு நான்கு பக்கங்கள். கடைசிப் பக்கத்தில் ஏணியின் படம். படிகள் ஒன்பது, ஆறாவது படி ஆடும், பார்த்து ஏறவும் என்று அருகே எழுதியிருக்கிறது.